ஆறும் ஆறினதும்

பாதுகாப்பு வார மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நான் வேலை பார்த்த தொழிற்சாலையிலிருந்து கேட்டார்கள். கேட்டவர் இப்போதைய பாதுகாப்பு அலுவலர், என் மகளைவிட இளையவர். தொலைபேசியில் மூன்று முறை பேசினார். மூன்று முறையும் பாதியில் அறுந்தது. படப்பையில் எங்கள் தெருவுக்கு மட்டும் சிக்னல் சரியாக வராது. மனை விற்றவர் எல்லாம் வரும் என்றுதான் சொன்னார். மூன்றாவது முறை அறுவதற்கு முன்னால் அந்த அலுவலர் கேட்ட கேள்விக்குத்தான் இங்கே பதில் எழுதுகிறேன்.

"சார், ஃபயர் செக்‌ஷன்ல மெழுகுச் சட்டைக்கெல்லாம் ஊர்ப்பேரு வெச்சிருக்கீங்களே, ஏன் சார்? படப்பை, வல்லம், மாத்தூர்னு பஸ் போர்டு மாதிரி. பசங்கள கேட்டா யாருக்கும் தெரியல. புது சாஃப்ட்வேர்ல நம்பராதான் ஏத்தணுமாம். ஒண்ணுலேர்ந்து வரிசையா நம்பர் போட்டுடலாம்னு இருக்கோம்."

எண்கள்மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. எண்ணாமல் என்னால் இருக்கவே முடியாது. மாத்திரைப் பட்டையில் மிச்சம் எத்தனை, ஷேர் ஆட்டோவில் தொங்குகிறவர்கள் எத்தனை பேர், சாம்பாரில் முருங்கைக்காய்த் துண்டு எத்தனை, எல்லாம் தானாகவே மனதில் ஓடும். "உங்க அப்பாவுக்கு மூச்சுகூட நம்பர் போட்டுத்தான் வரும்" என்று என் மனைவி மகளிடம் சொல்வாள். அப்படிப்பட்டவன் அந்தச் சட்டைகளுக்கு எண் போடாதீர்கள் என்கிறேன். காரணத்தைச் சொல்லாவிட்டால் கிழவனின் பிடிவாதம் என்று நினைத்துவிடுவார்கள்.

நான் வேதியியல் படித்தவன். ஆசிரியர் வேலைக்குப் பதிந்துவைத்தேன், வரிசை நகரவில்லை, தீயணைப்புப் பயிற்சிக்குப் போனேன். ஏணி, குழாய், கயிற்று முடிச்சு என்று அங்கே கற்றதை எழுத ஆரம்பித்தால் மலரில் வேறு யாருக்கும் இடம் இருக்காது. எனக்குக் கொடுத்திருப்பது ஐந்து பக்கம். ஒரு பக்கம் இதற்குள் போயிருக்கும்.

வேலை கிடைத்தது ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில், லாரிகளுக்குச் சக்கர அச்சு அடிக்கும் ஒரு தொழிற்சாலையில். இரும்பைப் பழுக்கக் காய்ச்ச நான்கு உலைகள், நான்கும் எண்ணெயில் எரிபவை. இன்றைக்குச் சாலையின் இரண்டு பக்கமும் மதில் மதிலாக நிற்கிறதே, அன்றைக்கு அங்கே நெல்லும் ஏரியும்தான். அரசாங்கத்துத் தீயணைப்பு வண்டி எங்கிருந்தோ கிளம்பி வருவதற்குள் எங்கள் கொட்டகை சாம்பலாகிவிடும் என்பதால், தொழிற்சாலைக்குள்ளேயே ஒரு தீயணைப்புப் பிரிவு இருந்தது. உடுப்பும் கருவிகளும் என் பொறுப்பு.

எங்கள் அதிகாரி ஏகாம்பரம் காஞ்சிபுரத்துக்காரர். அரசாங்கத் தீயணைப்புத் துறையில் வெகுகாலம் இருந்துவிட்டு எங்களிடம் வந்தவர். சத்தம் போடமாட்டார், சிரிக்கவும் மாட்டார். அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. தீக்கு முன்னால் நிற்கும்போது ஒரு பொருளுக்கு ஒரே ஒரு சொல்தான் இருக்க வேண்டும். நாங்கள் குழாய் என்போம், ஹோஸ் என்போம், பைப்பு என்போம். அவரிடம் அது செல்லாது. எந்தச் சொல் என்று அவர் முடிவு செய்து, கரும்பலகையில் எழுதி, எங்கள் எல்லாரையும் படிக்கவைப்பார்.

இன்னொன்று, திருப்பிச் சொல்வது. அவர் ஒரு கட்டளை கொடுத்தால், கேட்டவன் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் "சரி" என்பார். அந்தச் "சரி" வருகிற வரைக்கும் ஒருவனும் காலை எடுத்து வைக்கக் கூடாது. டீ வாங்கிவரச் சொன்னாலும் இதுதான்.

இதை வைத்து ஓயாமல் கேலி செய்தவன் சம்பத்து. எழிச்சூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். அவன் வீட்டில் தொழிற்சாலை வேலைக்கு வந்த முதல் ஆள். இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை, தகுதிகாண் காலத்தில் இருந்தான். வாய் ஓயாது. எல்லாருக்கும் ஒரு பட்டப்பெயர் வைப்பான். நான் கணக்கு சார்.

"கணக்கு சார், நேத்து வூட்ல இன்னா ஆச்சு தெரியுமா? சோறு போடுன்னேன். எங்கம்மா சோறு போடறேன்னு திருப்பிச் சொல்லல. நானும் சரின்னு சொல்லல. ராத்திரி பூரா பட்டினி."

ஏகாம்பரம் பக்கத்து அறையில்தான் இருந்தார். கேட்டிருப்பார். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த மாதம் தீக்குள் போகும் முதல் மூவர் பட்டியலில் சம்பத்தின் பெயரைச் சேர்த்தார். "வாய் பேசறவனுக்குக் காது கூர்மையா இருக்கும்" என்று என்னிடம் சொன்னார்.

மெழுகுச் சட்டைகள் வந்தது 1991இல். அதற்கு முன்பு எங்களிடம் இருந்தது வெள்ளிப் பூச்சுத் துணியில் தைத்த மேலுடுப்பு மட்டும்தான். அது அனலைக் கண்ணாடிபோலத் திருப்பி அனுப்பும். உள்ளே தடித்த கம்பளி. எவ்வளவு திருப்பி அனுப்பினாலும் மிச்சச் சூடு உள்ளே வந்துவிடும். உடம்பு தன் சொந்தச் சூட்டை வெளியே விடுவதற்கும் வழி கிடையாது. வெளியிலிருந்து ஒரு சூடு, உள்ளிருந்து ஒரு சூடு, இரண்டுக்கும் நடுவில் ஆள் வெந்துகொண்டிருப்பான்.

புதிதாக வந்தது கையில்லாத ஒரு பருத்திச் சட்டை. மார்பில் எட்டு, முதுகில் எட்டு, ஆகப் பதினாறு பைகள். ஒவ்வொரு பைக்குள்ளும் ஒட்டி மூடிய ஒரு மெழுகுப் பொட்டலம். மேலுடுப்புக்கு உள்ளே, உடம்பை ஒட்டி இதைப் போட வேண்டும். நான் படித்தவன் என்ற நினைப்பில் உள்ளுறை வெப்பம் என்றெல்லாம் விளக்கப்போனேன். ஏகாம்பரம் கையமர்த்திவிட்டு ஜோசப்பைப் பார்த்துக் கேட்டார். ஜோசப் எங்களில் மூத்த தீயணைப்பாளர்.

"மார்கழியில உங்க வீட்டுத் தேங்காயெண்ணெய் எப்படி இருக்கும்?"

"உறைஞ்சு போயிருக்கும் சார்."

"வெயில்ல வெச்சா?"

"உருகும் சார்."

"உருகி முடியற வரைக்கும் வெயிலோட சூட்டை அது வாங்கிக்கிட்டே இருக்கும். இந்த மெழுகும் அப்படித்தான். உருகற வரைக்கும் உன் சூட்டை அது வாங்கிக்கும். உருகி முடிஞ்சா அதுக்குமேல வாங்காது. வாங்கின சூட்டை வெச்சுக்கிட்டு உன் மேலயே கிடக்கும். திரும்ப உறைய வெச்சாத்தான் மறுபடி உதவும்."

நம் ஊர்க் கோடையில் அது அறையில் வைத்தாலே இளகிவிடும். கேன்டீன் கழித்துப்போட்ட பழைய குளிர்சாதனப் பெட்டியைக் கேட்டு வாங்கி அதில் அடுக்கினோம். தீ என்றால் மரப்பெட்டியில் தெர்மக்கோல் பதித்து, ஐஸ் கொட்டி, சட்டைகளை அதற்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். சட்டைகள் மொத்தம் எட்டு. ஒன்று முதல் எட்டு வரை எண் தைத்தது நான்தான். சிவப்பு நூலில், கழுத்துக்குக் கீழே, தூரத்திலிருந்தும் தெரியும்படி தைத்தேன். வேலை சுத்தம் என்று ஏகாம்பரம் ஒரு சொல் சொன்னார். அவரிடமிருந்து அது பெரிய விஷயம்.

கரும்பலகையில் இரண்டு புதுச் சொற்கள் ஏறின. உறைந்து பயன்படக்கூடிய நிலையில் இருக்கும் சட்டை "தயார்". ஒருமுறை போட்டுக் கழற்றிய சட்டை "ஓய்வு". ஓய்வுச் சட்டை முழுதும் உறையப் பாதி ஷிப்ட் ஆகும். எழுதினோம், படித்தோம். ஆனால் எங்களுக்குள் பேசும்போது ஆறினது, ஆறாதது என்றுதான் சொல்வோம். சூடாக இருக்கும் எதையும் அப்படித்தானே சொல்கிறோம், பாலானாலும் சோறானாலும்.

அன்றைக்குக் கோடையின் உச்சம், மதியச் சாப்பாடு முடிந்த நேரம். மூன்றாவது உலைக்குப் பின்னால் எண்ணெய்க் குழாயின் இணைப்பு பிளந்து, பீறிட்ட எண்ணெய் பற்றிக்கொண்டது. நுரை அடித்தோம், தண்ணீர் அடித்தோம். எண்ணெய் வந்துகொண்டே இருக்கும்வரை அது அணையாது. அதை அடைக்கும் வால்வு உலைக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு ஆள் பக்கவாட்டில் மட்டுமே நுழையக்கூடிய இடத்தில் இருந்தது. வால்வு துருவேறிப்போய் முரண்டு பிடிக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். யாராவது உள்ளே போய் அதைத் திருக வேண்டும்.

முதலில் ஜோசப் போனார். அவர் போட்டது ஆறாம் எண் சட்டை. பாதிக்குமேல் திருகிவிட்டு, அதற்குமேல் முடியாமல் வெளியே வந்தார். வந்ததும் மேலுடுப்பைப் பிரித்து மெழுகுச் சட்டையைக் கழற்றி, எப்போதும்போல ஐஸ் பெட்டிக்குள் போட்டார். பெட்டி பக்கத்தில் இருந்தது, சட்டை போக வேண்டிய இடமும் அதுதான் என்று நாங்கள் எல்லாருமே நினைத்துப் பழகியிருந்தோம்.

அடுத்தவன் சம்பத்து. உள்ளே போகும் ஆளின் பதினாறு பொட்டலங்களையும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பது என் வேலை. நான் அப்போது ஜோசப்பைத் தரையில் உட்காரவைத்து, மேலுடுப்பின் தலைமூடியைக் கழற்றித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவருக்கு வாயில் நுரை தள்ளியது. சம்பத்து தானாகவே பெட்டிக்குப் போய்க் குனிந்தான். ஏகாம்பரம் பம்பு வண்டிக்கு அருகில் நின்றார். பம்பின் டீசல் இன்ஜின் ஒரு பக்கம், எரியும் எண்ணெயின் உறுமல் ஒரு பக்கம். நான் இருவருக்கும் நடுவில் இருந்தேன்.

ஏகாம்பரம் கத்தினார்: "சம்பத்து, ஆறுனதப் போடு."

அதற்கு முன்னால் அவர் கத்தி நான் கேட்டதில்லை. கரும்பலகைச் சொல்லைத் தவிர வேறு சொல்லில் கட்டளை கொடுத்தும் கேட்டதில்லை. அன்றைக்குத் "தயார்" அவர் வாயில் வரவில்லை. நாங்கள் எல்லாரும் பேசுகிற சொல் வந்துவிட்டது.

சம்பத்து குனிந்தபடியே திருப்பிச் சொன்னான். என் காதில் விழுந்தது, "ஆறு… போடறேன் சார்."

"சரி" என்றார் ஏகாம்பரம்.

அவர் சொன்னது ஆறினது. அவன் கேட்டது ஆறு. அவன் திருப்பிச் சொன்னது ஆறு. அவர் கேட்டது ஆறினது. நடுவில் இருந்த ஓரிரண்டு எழுத்தை இன்ஜின் சத்தம் விழுங்கிவிட்டது. விழுங்கியதை இரண்டு பேரும் அவரவர் மனதில் இருந்ததைக் கொண்டு நிரப்பிக்கொண்டார்கள். கட்டளை கொடுத்தவர் முறைப்படி கொடுத்தார், கேட்டவன் முறைப்படி திருப்பிச் சொன்னான், "சரி"யும் முறைப்படி வந்தது.

ஐஸில் கிடந்ததால் ஆறாம் எண் சட்டையின் பொட்டலங்கள் தொட்டால் ஜில்லென்றுதான் இருந்திருக்கும். ஓரங்கள் கெட்டிப்பட்டும் இருந்திருக்கும். கஞ்சியின்மேல் ஏடு கட்டியிருக்கும், கீழே கொதித்துக்கொண்டிருக்குமே, அப்படி. சம்பத்து அதை மாட்டி, மேலுடுப்பைப் போட்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே போனான்.

தயார் சட்டை எவ்வளவு நேரம் தாங்கும் என்பது ஏகாம்பரத்துக்கு மனப்பாடம். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த நேரம் முடியும்வரை கயிற்றை இழுக்கச் சொல்லவில்லை. சொல்லக் காரணமும் இல்லை. எண்ணெய் பீறிடுவது மெல்லக் குறைந்து, நின்றது. கொட்டகையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். சம்பத்து வால்வை முழுக்கத் திருகிவிட்டான். கயிறு மட்டும் அசையவில்லை.

இழுத்து வெளியே போட்டபோது அவன் உடம்பில் வேர்வையே இல்லை. தோல் காய்ந்து, அடுப்பிலிருந்து எடுத்த பாத்திரம்போல இருந்தான். விழுந்தபோது இடது கையுறை விலகி, மணிக்கட்டு குழாயில் பட்டு வெந்திருந்தது. ஏகாம்பரம் அவன் மேலுடுப்பைப் பிரித்தார். சிவப்பு நூலில் ஆறு என்று இருந்தது. அவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் ஐஸை அள்ளி அவன்மேல் கொட்டினேன்.

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். மணிக்கட்டுக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள், ஒட்டவில்லை. அதைவிடப் பெரிய சேதம் வெளியே தெரியாதது. சூடு தலைக்கு ஏறி, சிறுமூளை கெட்டுவிட்டது என்றார் டாக்டர். நடந்தால் தள்ளாடினான். டம்ளரை எடுத்தால் பாதி சிந்தியது. பேச்சு குழறியது. என்ன பேச வேண்டும் என்று மனதுக்குத் தெரிந்தது, நாக்கு பின்தங்கியது. நான் முதல் தடவை பார்க்கப் போனபோது ஏதோ சொன்னான். எனக்கு விளங்கவில்லை. மறுபடி சொன்னான், அப்போதும் விளங்கவில்லை. அவன் அம்மாதான் சொன்னாள்: "கட்டில் எத்தினி இருக்குதுன்னு எண்ணிட்டியான்னு கேக்கறான் சார்."

எண்ணியிருந்தேன். இருபத்திரண்டு. அவனிடம் சொன்னேன். அவன் சிரிக்க முயன்றான். அந்தச் சிரிப்பு முகத்தில் ஒரு பக்கம்தான் வந்தது.

தொழிற்சாலை விசாரணை வைத்தது. பெர்சனல் மேனேஜர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: சம்பத்துக்குக் கொடுத்த கட்டளை என்ன? ஆறினதைப் போடு என்று சொல்லியும் அவன் ஆறாததைப் போட்டுக்கொண்டு போனான் என்றால், கட்டளையை மீறினான். தகுதிகாண் காலத்தில் இருப்பவன் கட்டளையை மீறினால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். பேச்சும் நடையும் போன அவனை வேறு எந்தக் கம்பெனியும் வாசலில்கூட நிற்கவிடாது. ஆறாம் எண்ணைப் போடு என்று சொல்லப்பட்டிருந்தால், தவறு அதிகாரியுடையது.

சம்பத்திடம் ஆஸ்பத்திரியிலேயே கேட்டு எழுதிக்கொண்டார்கள். "ஆறு போடச் சொன்னாரு" என்றான். உளறுகிறான் என்று எழுத வந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

விசாரணைக்கு முந்தின நாள் ஏகாம்பரம் என்னை உடுப்பு அறையில் வந்து பார்த்தார். உட்காரவில்லை.

"நடராஜன், அன்னிக்கு நான் என்ன சொன்னேன்?"

"ஆறுனதப் போடுன்னு சொன்னீங்க சார்."

"தயார் போடுன்னு சொன்னேனா?"

"இல்ல சார்."

"பலகையில என்ன எழுதியிருக்கு?"

அவர் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்து அவருடையது, அச்சடித்ததுபோல இருக்கும்.

"எட்டு நம்பர் இருக்கற இடத்துல ஆறுன்னு ஆரம்பிக்கற வார்த்தைய நான் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். "அவன் சரியாத்தான் கேட்டிருக்கான்."

"ஆனா நீங்க சொன்னது அது இல்லையே சார்."

"சரி, நீ வேலையப் பாரு."

மறுநாள் பெர்சனல் மேனேஜரின் மேசைக்கு முன்னால் நின்று ஏகாம்பரம் ஒரே வாக்கியம்தான் சொன்னார். "ஆறாம் எண் சட்டையைப் போடும்படி நான்தான் சொன்னேன்." மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். யோசித்துச் சொல்லுங்கள், உங்கள் வேலை போய்விடும் என்று நயமாகவே சொன்னார். ஏகாம்பரம் அதையே திருப்பிச் சொன்னார், ஒரு எழுத்து மாறாமல்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். ஏகாம்பரம் பக்கத்திலேயே நின்றார், என்னைப் பார்க்கவில்லை.

"நீங்க நடுவுல இருந்தீங்க. உங்க காதுல என்ன விழுந்தது?"

"ஆறுன்னு விழுந்தது சார்" என்றேன்.

அது பொய் இல்லை. ஆறுனது என்பதிலும் ஆறு இருக்கிறது. அந்த எழுத்துக் கணக்கை இன்று வரைக்கும் போட்டுப் பார்க்கிறேன். கணக்கு சரியாகத்தான் வருகிறது, மனசுதான் அதை ஒத்துக்கொள்வதில்லை.

ஏகாம்பரம் அந்த மாதக் கடைசியில் போனார். வழியனுப்பு எதுவும் இல்லை. சம்பத்துக்கு வேலை நிரந்தரமானது. தீ அருகே இனி போக முடியாது என்பதால் என்னோடு உடுப்பு அறையில் போட்டார்கள். அவன் வந்த முதல் நாளே குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தான். ஆறாம் எண்ணைக் கழித்துவிட்டதால் ஏழு சட்டைகள் இருந்தன. ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் இடம் காலியாக இருந்தது.

"கணக்கு சார்," என்றான். இதற்குள் அவன் பேச்சு எனக்குப் பழகிவிட்டது. "எங்க பெரியப்பா களத்துல நெல்லு அளக்கசொல்ல ஒண்ணுன்னு வாயால சொல்ல மாட்டாரு. லாபம், ரெண்டு, மூணுன்னு போவாரு. அதுமாரி இதுங்களுக்கும் வேற பேரு வெச்சிடு சார். நம்பரே வாணாம்."

கெட்ட எண் என்ற பயத்தில் சொல்கிறான் என்று நினைத்தேன். ஆனாலும் யோசனை எனக்குப் பிடித்திருந்தது. ஊர்ப் பெயர்களை வைக்கலாம் என்று சொன்னவனும் அவன்தான். கண்டக்டர் எந்தக் கூட்டத்திலும் இரைச்சலிலும் ஊர்ப் பெயரைக் கத்துகிறார், ஏறுகிறவர்களுக்கு அது கேட்கிறது அல்லவா.

எந்தப் பெயரை வைப்பது என்று தீர்மானித்த விதத்தைத்தான் புது அலுவலர் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பம்பை ஓடவிட்டோம். ஜோசப் தலைமூடியை மாட்டிக்கொண்டு மைதானத்தின் மறு கோடியில் நின்றார். இந்தக் கோடியிலிருந்து சம்பத்து, அந்தக் குழறும் நாக்கால், ஒவ்வொரு ஊராகக் கத்தினான். ஜோசப் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாக வந்தால் அந்தப் பெயர் நிற்கும்.

இது அவனைக் கேலிக்கு ஆளாக்குவதுபோல இருக்கிறதே என்று நான் தயங்கினேன். அவனுக்கே சிரிப்பு. "நான் சொல்லியே ஜோசப் அண்ணனுக்கு வெளங்குதுன்னா, நெருப்புக்குள்ள யாரு சொன்னாலும் வெளங்கும் சார்."

எழிச்சூர் நிற்கவில்லை, மாத்தூர் என்று கேட்டது. சொந்த ஊருக்கே இந்தக் கதியா என்றான். வல்லக்கோட்டை வல்லத்தோடு மோதியது. சுங்குவார்சத்திரம் அவன் வாயைத் தாண்டி வரவே இல்லை. மூன்று முறை முயன்று, எச்சில் தெறிக்க, "அந்த ஊருக்கு நான் பஸ்ஸே ஏறல, போ" என்று விட்டுவிட்டான். கடைசியில் நின்றவை ஏழு: படப்பை, வல்லம், மாத்தூர், தாம்பரம், ஒரகடம், வாலாஜாபாத், மணிமங்கலம். ஒவ்வொன்றும் அவன் நாக்கிலிருந்து இன்ஜின் சத்தத்தைத் தாண்டிப் போய்ச் சேர்ந்த சொல். பிற்பாடு புதிய சட்டைகள் வந்தபோதெல்லாம் புதிய பெயரையும் அவனே கத்திப் பார்த்துத்தான் வைத்தோம்.

கணினிக்கு எண் வேண்டுமென்றால் கணினிக்குள் இருக்கட்டும். ஆள் வாயில் ஊர்ப் பெயர் இருக்கட்டும். இதுதான் நான் கேட்டுக்கொள்வது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். இதற்குப் பக்கம் போதாது என்று வெட்டினாலும் எனக்கு வருத்தம் இல்லை.

பெயர் வைத்த சில நாட்களில் சம்பத்து ஏகாம்பரத்தைப் பார்க்க வேண்டும் என்றான். எனக்கு இஷ்டமில்லை. அவர் தவறான எண்ணைச் சொல்லிவிட்டார் என்று அவன் நம்பிக்கொண்டிருக்கிறான் என்பது என் எண்ணம். போய் ஏதாவது கேட்டுவிட்டால் அவர் என்ன செய்வார்? உண்மையைச் சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது. தட்டிக் கழித்துப் பார்த்தேன். அவன் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் போனோம். பஸ்ஸில் நின்றால் விழுந்துவிடுவான் என்பதால் மூன்று பஸ்ஸை விட்டு நான்காவதில் இடம் பிடித்தேன்.

ஏகாம்பரம் வீட்டிலும் சட்டையை இஸ்திரி போட்டுத்தான் அணிந்திருந்தார். எங்களை உட்காரச் சொன்னார். காபி வந்தது. சம்பத்து டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தான். அப்படியும் கொஞ்சம் சிந்தியது. ஏகாம்பரத்தின் மனைவி துடைக்க வந்தார், ஏகாம்பரம் கண்ணாலேயே வேண்டாம் என்று சொல்லி நிறுத்தினார். சம்பத்தின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்தார், சிந்திய காபியைப் பார்த்தார், பிறகு துணி சுற்றியிருந்த மணிக்கட்டைப் பார்த்தார். அதைப் பார்த்தபடியே கேட்டார்.

"புண்ணு ஆறிடுச்சாப்பா?"

கேட்ட பிறகுதான் அந்தச் சொல் அவருக்கே காதில் விழுந்திருக்கும். வாய் அப்படியே நின்றுவிட்டது. நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

சம்பத்து கையைத் தூக்கிக் காட்டினான்.

"எங்க சார் ஆறுச்சு? இன்னும் அஞ்சுலயே நிக்குது."

ஆறும் ஆறினதும் எங்கே இடம் மாறின என்பதை அவனிடம் நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. கட்டிலில் கிடந்த அந்த மாதங்களில் அவனாகவே தேடி எடுத்திருக்கிறான். விசாரணையில் அவர் யாருக்காக என்ன சொன்னார் என்பதும் அப்போதே அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். சட்டைகளுக்கு நம்பரே வேண்டாம் என்றதும் பயத்தினால் அல்ல.

ஏகாம்பரம் முதல் தடவையாக நிமிர்ந்து அவனைப் பார்த்தார். சொன்னது விளங்கவில்லையோ, விளங்கியதை நம்ப முடியவில்லையோ, பழைய வழக்கம்தான் வந்தது.

"திருப்பிச் சொல்லு" என்றார்.

சம்பத்து முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தான். ஒவ்வொரு எழுத்தாக, நாக்கை இழுத்து இழுத்து, சொன்னான். "அஞ்சுலயே நிக்குது சார். ஆறல."

அவர் உதடு அசைந்தது. குரல் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே அவர் மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோயிருந்தது. சம்பத்து காத்திருந்தான். பிறகு மேசைமேல் கையூன்றி, தள்ளாடிக்கொண்டே எழுந்து நின்றான்.

"சரி சொல்லுங்க சார்" என்றான். "நீங்க சொன்னாத்தான நான் போக முடியும்?"